நிமிராதவள்

அத்தியாயம் 9

செப்டம்பர் 24, புதன்.

நேற்று இரவு ஒரு தவறு செய்தேன். சாப்பாட்டின் முதல் கவளத்தோடு போட வேண்டிய மாத்திரையை, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் போட்டேன். சின்னத் தவறுதான். ஆனாலும் எழுதி வைக்கிறேன். இன்று வலி வந்தால் எதனால் வந்தது என்று குழம்பக் கூடாது. எழுதி வைத்தால் மட்டும் குழம்பாமல் இருப்பேனா என்பதும் தெரியவில்லை.

மதிவதனி நோட்டை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனாள். கஞ்சியை ஆற்றி, முதல் வாயோடு மாத்திரையை விழுங்கினாள். இன்றாவது ஒழுங்காகச் செய்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த அவளுடைய அப்பா காத்தான், மகளைப் பார்க்காமல் மகனிடம் பேசினார்.

"இன்னிக்கு நம்ம வயல்ல நடவு. பத்து மணிக்கு நீ டீ எடுத்துக்கிட்டு வந்துடு. வேற யாரும் வெயில்ல அங்க வர வேணாம்னு சொல்லு."

இனியவன் பல் துலக்கிக்கொண்டே திரும்பினான். "அக்கா, உன்னைய வர வேணாமாம்."

"கேட்டுச்சுன்னு சொல்லு."

"கேட்டுச்சாம்ப்பா."

ஒரு வாரமாக இப்படித்தான். போன புதன்கிழமை காத்தான் ஒரு கோடாங்கியை வீட்டுக்கு அழைத்து வர ஏற்பாடு செய்திருந்தார். உடுக்கை அடித்து, மகளின் வயிற்றில் குடியிருப்பதை இறக்கிவிட்டுப் போகட்டும் என்று. மதி முடியாது என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அப்பா அவளிடம் பேச வேண்டியதையெல்லாம் தம்பி வழியாகத்தான் பேசுகிறார்.

அவளுக்கு வந்திருப்பது கணைய அழற்சி என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகப்போகிறது. கணையம் என்று ஓர் உறுப்பு இருப்பதே அதுவரை அந்த வீட்டுக்குத் தெரியாது. குடிக்கிறவர்களுக்குத்தானே அது வரும் என்று விஷயம் தெரிந்த ஒருவர் டீக்கடையில் கேட்டார். குடிக்காதவர்களுக்கும் வரும், சில குடும்பங்களில் வழிவழியாகவும் வரும் என்று டாக்டர் சொன்னதை ஊர் ஏற்கவில்லை. ஊருக்கு வேறு காரணம் கைவசம் இருந்தது. மதியின் அம்மா அம்சம் வயிற்று வலியோடு போனவள். மதி ஒன்பதாவது படித்தபோது, ஒரு நாள் முழுக்க வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். அவள்தான் மகளைப் பிடித்திருக்கிறாள் என்றது ஊர்.

நடைப்பயிற்சி வேறு அதை உறுதி செய்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் அம்மா, வலி இல்லாத நாளில் மட்டும் நட என்றார். வெறும் வயிற்றோடு நடக்காதே, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் நடக்காதே. தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். சர்க்கரை இறங்கினால் போட்டுக்கொள்ள நாலு மிட்டாய் வைத்துக்கொள். கனம் தூக்காதே. வயிற்றை மடக்கி நிமிரும் பயிற்சி உனக்கு வேண்டாம். வலி தொடங்கினால் அங்கேயே நின்றுவிடு. எல்லாவற்றுக்கும் மேலே, நடக்கும்போது உன்னால் பேச முடிய வேண்டும், மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

கூடப் பேச ஆள் இல்லாததால், குரூப் ஃபோர் மாலை வகுப்பில் நடத்திய பாடங்களை மதி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நடந்தாள். தமிழ்நாட்டு அணைகள், ஆறுகள், எந்தச் சட்டம் எந்த வருடம். வாய்க்கால் கரையில் தனியாக உதடு அசைத்துப் போகிற பெண்ணை எதிர்க்கரையில் வாத்து மேய்க்கிற சிங்காரவேலு பார்த்தார். அம்சம் மகள் ஆத்தாளோடு பேசிக்கொண்டு போகிறாள் என்று அன்று மாலையே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

மதி முதலில் சிரித்தாள். பிறகு கரையில் நடக்கும்போது சில சமயம் திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள். ஈர மண்ணில் தன் காலடியோடு இன்னொரு காலடியும் கேட்பது போலிருக்கும். உன் காதை நம்பாதே என்று தனக்கே சொல்லிக்கொள்வாள். ஆனாலும் திரும்பிப் பார்ப்பாள்.

இன்றைக்கும் கஞ்சி குடித்துச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய் நடந்துவந்தாள். மேட்டூர், பவானிசாகர், வைகை, பேச்சிப்பாறை. வலி இல்லை.

பத்து மணிக்கு இனியவன் வீட்டில் இல்லை. நண்பன் ஹஸ்ஸானோடு மன்னார்குடி வரை போய்விட்டு வருகிறேன் என்று போனவன் போனையும் எடுக்கவில்லை. போலீஸ் வேலைக்கான உடல்தகுதித் தேர்வு வருகிறது. எழுத்துத் தேர்வில் பாஸான நாளிலிருந்து அவன் கால் வீட்டில் தரிப்பதில்லை.

டீ கொதித்துத் தயாராக இருந்தது. சேற்றில் நிற்கிற பெண்களைக் காக்க வைக்க முடியாது. மதி தூக்குவாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பாதி வழியில்தான் கனம் தூக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது. இறக்கி வைத்துக் கை மாற்றிக்கொண்டு போனாள். இதையும் எழுத வேண்டும்.

அவர்களுடைய வயல் கோயில் நிலம், மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், குத்தகை. நடவுக்கு ஆள் சேர்த்துவரும் ரெத்தினத்தின் கூட்டம் பாதி வயலை நட்டு முடித்திருந்தது. பெண்கள் ஒரே வரிசையில் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். வரிசையின் வாய்க்கால் ஓரத்து முனையில் மட்டும் ஆள் இல்லை.

அது அம்சத்தின் இடம்.

அம்சம் குனிந்தால் வயல் முடிந்துதான் நிமிர்வாள் என்று அந்தப் பக்கத்து ஊர்களிலெல்லாம் பேர். மற்றவர்கள் வெற்றிலை போட நிமிர்வார்கள், சிரிக்க நிமிர்வார்கள், யாராவது கரையில் போனால் யார் என்று பார்க்க நிமிர்வார்கள். அவள் நாற்று முடிச்சை எடுப்பதும் குனிந்தபடியேதான். அம்சத்தை அனுப்பு என்று நிலக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். அவள் போன பிறகு அந்த முனையில் நின்ற இரண்டு பேருக்கு ஒரே நாளில் வயிற்றைப் பிடித்தது. முதல் நாள் மீன் குழம்புதான் காரணம் என்று ஒருத்தி சொல்லிப் பார்த்தாள், யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எந்த வயலானாலும் வாய்க்கால் ஓரத்து வரிசையைப் பக்கத்தில் நிற்பவள் கையை நீட்டி நட்டுவிடுவாள். கால் வைக்க மாட்டாள்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் மதிக்கு ஒரு குளிர் பரவும். தண்ணீரில் ஆளில்லாத இடத்தில் நாற்று வரிசை மட்டும் நேர்க்கோட்டில் நீண்டுகொண்டே போகும்.

டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தம்ளர்களை வாங்கும்போதுதான் அது தொடங்கியது. மேல்வயிற்றில் கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல முதலில். பிறகு நேராக முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போயிற்று. மதி வரப்பில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் வயிற்றைக் கட்டிக்கொண்டு, நெற்றி முட்டியில் படும் அளவுக்குக் குனிந்தாள்.

காத்தான் தூரத்து மடையில் தண்ணீர் மறித்துக்கொண்டிருந்தார். ரெத்தினம்தான் பார்த்தாள். கையிலிருந்த நாற்றைப் போட்டுவிட்டுக் கரையேறி வந்தாள்.

"ஏ புள்ள, அப்படி உக்காராத. பாக்க முடியல."

"இப்படி உக்காந்தாத்தான் அத்தை தாங்குது. நிமிந்தா முதுகுக்குப் போவுது."

"பேய் புடிச்ச மாதிரி இருக்குடி."

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த நோவு உள்ளவங்களுக்கு முன்னால குனிஞ்சா வலி கொறையும். டாக்டரே சொன்னாரு."

ரெத்தினம் அப்படியே நின்றாள். விரல்களிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது.

"குனிஞ்சா கொறையுமா?"

"ம்."

"யாருக்கா இருந்தாலும்?"

"நெறைய பேருக்கு அப்படித்தானாம்."

ரெத்தினம் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பேசத் தொடங்கியபோது குரல் அவளுடையதாகவே இல்லை.

"ஒரு நாளு உங்கம்மாவக் கேட்டேன். ஏன்டி, சித்த நிமிந்து நின்னாத்தான் என்ன, கூலிய கூட்டியா குடுக்கப் போறாங்கன்னு. நிமிந்தா புடிக்குது, இப்படியே இருந்துடுறேன்னா. நான் இடுப்பச் சொல்றான்னு நெனைச்சேன். எல்லாருக்கும் இடுப்பு புடிக்கத்தானே செய்யும்."

மதி தலையை உயர்த்தவில்லை.

"சோத்து நேரத்துலயும் இப்படித்தான், இதே மாதிரி, வயித்தக் கட்டிக்கிட்டுக் குனிஞ்சு உக்காந்திருப்பா. தூக்குச்சட்டியத் தொறக்க மாட்டா. புள்ளைங்களுக்கு எடுத்துக்கிட்டுப் போறா, எப்பேர்ப்பட்ட ஆத்தான்னு நாங்க பேசிக்குவோம்." ரெத்தினம் முந்தானையால் வாயைத் துடைத்தாள். சேறு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. "நல்ல வேலைக்காரின்னு நெனைச்சோம்டி. வலியில கெடந்துருக்கா."

அந்தச் சட்டிச் சோறு மதிக்கு நினைவிருந்தது. சாயங்காலம் அம்மா வந்ததும் இனியவனும் அவளும் பிடுங்கித் தின்பார்கள். வெயிலில் இருந்து லேசாகப் புளித்திருக்கும். அவர்களுக்கு அது பிடிக்கும்.

வலி மெல்லக் குறைந்தது. ரெத்தினம் வயலில் இறங்கிப் போனாள். வாய்க்கால் ஓரத்து முனைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். எல்லாம் தெரிந்த பிறகு இப்போது கால் வைத்துவிடுவாள் என்று மதி எதிர்பார்த்தாள். ரெத்தினம் வைக்கவில்லை. முன்பு போலவே ஒரு முழம் தள்ளி நின்று, கையை நீட்டி நட்டாள்.

மத்தியானம் முழுக்க மதி படுத்திருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்தாள். வலி திரும்பவில்லை. ஆனால் வலி வந்த நாளில் நடை கிடையாது, அது விதி. கூத்தாநல்லூரில் நடக்கும் மாலை வகுப்புக்கு மட்டும் போய்வரலாம் என்று ஐந்தரை மணிக்குப் பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள்.

நிறுத்தத்தை ஒட்டித்தான் ஆற்றங்கரைச் சாலை. பையன்கள் அங்கேதான் ஓடிப் பழகுவார்கள். மதகுச் சுவரில் ஹஸ்ஸான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தூரத்திலிருந்து இனியவன் ஓடி வந்தான். நன்றாக ஓடினான். மதகைத் தொட்டதும் ஹஸ்ஸான் போனை அழுத்தி, போன வாரத்தைவிட வேகம் என்றான்.

இனியவன் முட்டியில் கை ஊன்றிக் குனிந்தான்.

ஓடி முடித்தவர்கள் எல்லோரும் குனியத்தான் செய்வார்கள் என்று மதி நினைத்தாள். நிமிரட்டும் என்று காத்திருந்தாள்.

"என்ன மாப்ள, தரையில எதையும் தொலைச்சிட்டியா?" என்றான் ஹஸ்ஸான்.

மூச்சு அடங்கிவிட்டது, முதுகு ஏறி இறங்குவது நின்றுவிட்டது. அவன் நிமிரவில்லை. அப்படியே நகர்ந்து மதகின் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். இரண்டு கைகளும் தானாகப் போய் வயிற்றைக் கட்டிக்கொண்டன. நெற்றி முட்டிக்கு வந்தது.

மதிக்கு அந்த இருப்பு தெரியும். அந்த இருப்பை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. வலிக்கிற உடம்பு தானே தேடிக் கண்டுபிடிக்கிற இருப்பு அது. அவளும் அப்படித்தான் கண்டுபிடித்தாள். காலையில் ரெத்தினம் சொன்ன அம்மாவும் அப்படித்தான் கண்டுபிடித்திருப்பாள். இப்போது மதகுப் படியில், பனியனும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு, அம்மா உட்கார்ந்திருந்தாள்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதினார். மதி ஏறவில்லை.

அவள் கிட்டே போனதும் இனியவன் கையை எடுத்துவிட்டான். ஓடினால் எல்லோருக்கும் பிடிக்கும்தான், கிளாஸுக்குப் போகலையா என்றான். ஹஸ்ஸானுக்கு ஒன்றும் தெரியாது. நண்பனைப் பெருமைப்படுத்துவதாக நினைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். இனியவன் விடிகாலையிலும் ஓடுவான், அதுவும் வெறும் வயிற்றில். திரும்பி வந்து கால்களை மதகுச் சுவரில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, களைக்கிற வரைக்கும் படுத்துப் படுத்து எழுவான். வலித்தாலும் விட மாட்டான், மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாவது ஓடுவான். சாப்பாட்டைக்கூடக் குறைத்துவிட்டான்.

"இவனுக்குக் கெடைக்கலன்னா வேற யாருக்குக்கா கெடைக்கும்?" என்று சொல்லிவிட்டு, மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

செய்யக் கூடாது என்று மதிக்குச் சொல்லப்பட்டதை எல்லாம் தம்பி ஒன்றுவிடாமல் செய்துகொண்டிருந்தான்.

"எப்பலேர்ந்துடா?"

அவன் தண்ணீரைப் பார்த்தான். "ஆடியிலேர்ந்து."

"ஓடாதப்பவும் வருதா?"

அவன் கீழே கிடந்த கல்லை எடுத்து ஆற்றில் எறிந்தான்.

"சாப்பிட்டா வருதா? அதான் சோத்தக் கொறைச்சியா?"

"அக்கா, உடல்தகுதி முடியட்டும். அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

"நாளைக்கு வந்து ரத்தம் டெஸ்ட்டுக்குக் குடு. ஒண்ணும் இல்லன்னா நீ பாட்டுக்கு ஓடு."

"இருக்குன்னு சொல்லிட்டா?"

"சொன்னா டாக்டர் சொல்ற மாதிரி செய்யலாம். நானே நடக்குறேன்ல. உடம்ப அசைக்காதேன்னு யாரும் சொல்லல. தெரிஞ்சு செய்யின்னுதான் சொல்றாங்க."

"நீ நடக்குற. நான் ஓடணும்." அவன் குரல் தணிந்தது. "உனக்கு வந்தப்ப அம்மா புடிச்சிருக்குன்னாங்க. எனக்கு வந்தா என்ன சொல்லுவாங்க தெரியுமா? குடிகாரன்னுவாங்க. நான் ஒரு சொட்டு தொட்டதில்ல. யாரு நம்புவா? அந்தப் பேரோட போலீஸ்ல எவன் சேப்பான்?"

மதி பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையில் வயலில் கேட்டதைச் சொன்னாள். அம்மா ஏன் நிமிரவில்லை என்பதை. சட்டிச் சோறு ஏன் மிச்சம் வந்தது என்பதை. இனியவன் கேட்டுக்கொண்டே இருந்தான். நடுவில் ஒரே ஒரு முறை பேசினான்.

"அந்தச் சோத்த நான்தான் ஜாஸ்தி திம்பேன்."

பிறகு எழுந்தான். எழும்போதும் முழுதாக நிமிரவில்லை. "அப்பாகிட்ட சொல்லாத" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தான்.

அவன் பின்னால் நடந்துகொண்டே மதி இரண்டையும் யோசித்துப் பார்த்தாள். சொன்னால், அப்பா மறுபடியும் கோடாங்கியைத்தான் தேடுவார், இந்த முறை இரண்டு பேருக்கும் சேர்த்து. தம்பி ஆறு மாதமாக ஓடிய ஓட்டம் வீணாகும். அவள் நினைப்பதே தப்பாகவும் இருக்கலாம், வெறும் வாய்வுப் பிடிப்பாகவும் இருக்கலாம். எத்தனையோ தடவை அவள் கணக்குத் தப்பியிருக்கிறது. சொல்லாவிட்டால், தேர்வு மைதானத்தில் கூட்டத்துக்கு நடுவே அவன் விழுவான். ஓடினதால் விழுந்தான் என்பார்கள், தண்ணீரைத் தெளிப்பார்கள். அம்மாவுக்கும் அப்படித்தான் ஒரு நாள் முழுக்க ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

விளக்கு வைத்ததும் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பாவுக்கும் தம்பிக்கும் மீன் குழம்பு. மதிக்கு ரசமும் குழைந்த சோறும் வேகவைத்த பூசணியும். முதல் வாயோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

காத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"பாப்பா" என்றார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு அவளிடம் நேராக வந்த முதல் சொல். மதி நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெத்தினம் வந்து ஒண்ணு சொன்னா. நெசமா அது?"

"டாக்டர் சொன்னதுதான்ப்பா. அம்மாவுக்கும் இதேதானான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. ஆனா நான் உக்கார்ற மாதிரியேதான் அம்மாவும் உக்காந்திருக்கு."

காத்தான் தட்டைப் பார்த்தபடி பேசினார். "ராத்திரியில அவ படுக்கவே மாட்டா. நெல்லு மூட்டையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, அதுமேல கவுந்து உக்காந்திருப்பா. விடிய விடிய. நெல்லுக்குக் காவ இருக்கா எம்பொண்டாட்டின்னு நான் டீக்கடையில சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். அவளும் கூடச் சிரிப்பா."

மதி தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அதற்கு மேல் அதைப் பேச முடியாமலோ என்னவோ, காத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் பக்கம் திரும்பி, தினமும் சொல்வதைச் சொன்னார்.

"நிமிந்து உக்காந்து சாப்புடு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

இனியவன் நிமிர்ந்தான். முதுகை நேராக்கி, தோளைப் பின்னுக்கு இழுத்து, தேர்வில் நிற்கப் போகிறவன் போலவே நிமிர்ந்தான். நெற்றியில் வேர்வை முத்து முத்தாகத் துளிர்த்தது. கீழுதட்டைப் பல்லால் கடித்தான். கொஞ்ச நேரம்தான். பிறகு அவன் உடம்பு, அவனைக் கேட்காமலே, மெல்ல மெல்ல முன்னால் மடங்கியது.

காத்தானின் கை சோற்றோடு அந்தரத்தில் நின்றது.

"எப்பலேர்ந்து?"

இனியவன் அக்காவை முறைத்தான். "சொல்லிட்டியா?"

"அவ சொல்லல" என்றார் காத்தான். "உங்கம்மா சொல்லிட்டா."

இனியவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். வாசல் வரை போய் அங்கிருந்து, திரும்பாமல் சொன்னான். "காலையில ஹஸ்ஸான் வருவான். நான் ஓடத்தான் போறேன்."

அவன் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்த காத்தான், மகளிடம் கேட்டார். கோடாங்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இப்ப என்ன செய்யணும்?"

அவளிடம் யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் இருந்தது. ஆனாலும் சொன்னாள். இந்த ராத்திரியில் வலி கூடி வாந்தி எடுத்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே 108-க்குப் போன் போட வேண்டும். கஷாயம், ஓம வாட்டர் எதுவும் கொடுக்கக் கூடாது. வலி மாத்திரையை அவன் பையிலிருந்து எடுத்துவிட வேண்டும். மற்றதெல்லாம் தஞ்சாவூரில் பார்த்துக்கொள்ளலாம்.

காத்தான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கை கழுவிவிட்டு வந்து, வாசலில் மகன் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாயை விரித்தார். இனியவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். முட்டி மார்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மதி நோட்டைப் பிரித்தாள். டீ வாளி தூக்கியதை எழுதினாள். வரப்பில் வந்த வலியை எழுதினாள். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை, காலியாக விட்டாள். அதற்குக் கீழே எழுதினாள்.

நாளை வேலை: ஹஸ்ஸான் வருவதற்கு முன் எழுந்திருக்க வேண்டும். இனியவனை முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். ரத்தம் கொடுத்து ஸ்கேன் முடியும் வரை அவன் எதுவும் சாப்பிடக் கூடாது. ஓடவும் கூடாது.